உருவமும் உள்ளமும்: தோற்றக்குறை மயக்கம் பற்றிய ஒரு நோக்கு

மனிதன் உலகிலுள்ள முகங்களையெல்லாம் நேரிற் காண வல்லவன். தன் முகத்தை மட்டும் அவனால் நேரிற் காண இயலாது. அதனைக் காண நீரோ கண்ணாடியோ நிழற்படமோ பிறரது சொல்லோ அவனுக்குத் தேவைப்படுகின்றது. இவ்வாறு இரவலாகப் பெறும் காட்சியில் எவ்வளவு உண்மை உண்டு என்பதை நம்மிற் பெரும்பாலோர் ஆராய்வதில்லை. காலையிற் கண்ணாடியின் முன் சில நிமிடங்கள் நின்று, தலைவாரி, உடை திருத்தி, பின்னர் அதனை மறந்து அன்றைய அலுவல்களில் இறங்கிவிடுகின்றோம். அந்தச் சில நிமிடங்களைக் கடக்க இயலாமல், நாளின் பெரும்பகுதியை அங்கேயே இழந்து நிற்போரும் நம்மிடையே இருக்கின்றனர்.

பல்கலைக்கழகத்திற் பயிலும் ஓர் இளைஞரை உதாரணமாகக் கொள்வோம். தமது மூக்கு ஒரு பக்கம் சாய்ந்திருப்பதாக அவர் நம்புகின்றார். விரிவுரை மண்டபத்தில் எந்தப் பக்கம் அமர்ந்தால் அது பிறருக்குத் தெரியாது என்று கணித்தே இருக்கையைத் தெரிவு செய்கின்றார். எவரேனும் சிரித்தால் அது தம்மைக் குறித்ததே என எண்ணுகின்றார். காலப்போக்கில் வகுப்புகளைத் தவிர்க்கின்றார். திருமண வீடுகளைத் தவிர்க்கின்றார். இறுதியில் ஜும்ஆவுக்கும் கடைசி நேரத்திற் சென்று, முதல் ஆளாக வெளியேறிவிடுகின்றார். தாயார், "அப்படி ஒன்றுமில்லை மகன், உனது முகத்துக்கு என்ன குறை?" என்று பலமுறை தேற்றுகின்றார். தந்தை அதனை வீண் பெருமை என்கின்றார். மாமா, அல்லாஹ் தந்ததற்கு நன்றி செலுத்தாத குணம் என்று கண்டிக்கின்றார். தாயாரின் ஆறுதலை அந்த இளைஞர் நம்புவதில்லை. தந்தையும் மாமாவும் சொன்னதை முழுமையாக நம்புகின்றார். தாம் அவலட்சணமானவர் என்ற துயருடன், தாம் ஈமான் குறைந்தவர் என்ற துயரும் இப்போது சேர்ந்துகொள்கின்றது.

இத்தகைய நிலையில் உள்ளவர் பெருமைக்காரரும் அல்லர், நன்றி மறந்தவரும் அல்லர். அவர் ஒரு நோயாளி. அவரது நோய்க்குப் பெயர் உண்டு, வரலாறு உண்டு, பயன் தரும் சிகிச்சையும் உண்டு. இவற்றை எடுத்துரைப்பதும், 'தன்னை ஏற்றல்' என்பதன் பொருள் யாது என்பதை விளக்குவதுமே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நோயின் இயல்பு

உளமருத்துவத்தில் 'பொடி டிஸ்மோர்பிக் டிஸோர்டர்' என வழங்கப்படும் இந்நோயை இங்கு 'தோற்றக்குறை மயக்கம்' எனக் குறிப்பிடுவோம். தன் உடலில் ஒரு குறை உண்டு என்னும் எண்ணம் ஒருவரை ஆட்கொண்டுவிடுவதே இதன் அடிப்படை. அக்குறை பிறர் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. புலப்பட்டாலும் மிகச் சிறியதாகவே இருக்கும். மூக்கு, தோல், தலைமுடி ஆகியன பெரும்பாலும் இவ்வெண்ணத்துக்கு இலக்காகின்றன. எனினும் பல், தாடை, கண், வயிறு என உடலின் எப்பகுதியும் இலக்காகலாம். ஒரே காலத்திற் பல பகுதிகள் இலக்காவதும், ஓர் இடத்திலிருந்து கவலை மற்றோர் இடத்துக்குத் தாவுவதும் சாதாரணமாகும்.

இவ்வெண்ணம் தனித்து வருவதில்லை. சில செயல்களையும் உடன் அழைத்து வருகின்றது. மீண்டும் மீண்டும் கண்ணாடி பார்த்தல், விரலால் தடவி அளந்து பார்த்தல், தொப்பியாலோ தாடியாலோ முகப்பூச்சாலோ துணியாலோ மறைத்தல், தோலைக் கிள்ளுதல், எதிர்ப்படும் ஒவ்வொருவரோடும் தன்னை ஒப்பிடுதல், "நான் எப்படி இருக்கின்றேன்?" என்று வீட்டாரிடம் ஓயாது வினவுதல் ஆகியன அவற்றுட் சில. சிலர் இதற்கு நேர்மாறாகக் கண்ணாடிகளை முற்றாகத் தவிர்த்துவிடுவர். வீட்டிலுள்ள கண்ணாடிகளைத் துணியால் மூடிவிடுவோரும் உளர். நாளொன்றுக்கு மூன்று முதல் எட்டு மணித்தியாலங்கள் வரை இவ்வெண்ணங்களிலும் செயல்களிலும் கழிவது இந்நோயாளரிடையே பொதுவாகக் காணப்படுவதாகும்.

தன் தோற்றத்தில் முழுத் திருப்தி கொண்டவர் அரிது. ஆகவே, சாதாரண அதிருப்திக்கும் இந்நோய்க்கும் உள்ள எல்லை யாது என்ற வினா எழுகின்றது. குறையை எண்ணித் தாங்கொணாத வேதனை அடைவதும், கல்வி, தொழில், உறவு ஆகியன அதனாற் சிதைவதுமே அவ்வெல்லையாகும். உடல் எடையைப் பற்றிய கவலை மட்டுமே மேலோங்கி, உணவைத் தவிர்க்கும் நிலை இருப்பின் மருத்துவர் அதனை உணவுண்ணல் சார்ந்த நோயாகக் கருதுவர். தீக்காயம், விபத்து, பிறவிக் குறை முதலியவற்றால் வெளிப்படையான மாற்றம் உள்ளவரது துயரும் உண்மையானதே. ஆயினும் அது இந்நோயிலிருந்து வேறானது.

பொதுமக்களிடையே மேற்கொள்ளப்பட்ட மதிப்பீடுகள் நூற்றுக்கு ஏறத்தாழ இருவர் இந்நோய்க்கு ஆளாவதாகக் காட்டுகின்றன. இது பெண்களின் நோய் என்ற எண்ணம் தவறானது. ஆண்களும் ஏறக்குறைய அதே அளவில் ஆளாகின்றனர். உரமான உடலிருந்தும் தம் தசைகள் போதாதவை என நம்பி, உடற்பயிற்சிக் கூடத்திலேயே வாழ்நாளைக் கழிக்கும் ஆண்களின் நிலையை 1997ஆம் ஆண்டில் ஹரிசன் போப் தலைமையிலான அமெரிக்க ஆய்வாளர்கள் இந்நோயின் ஒரு வகையாக விவரித்தனர். நோயின் தொடக்கம் பெரும்பாலும் பதின்ம வயதிலேயே நிகழ்கின்றது. வளரும் வயதின் இயல்பான கூச்சம் என்று பெற்றோர் கருதும் காலமும் இதுவே. அதனால் நோய் இனங்காணப்படாமற் பல ஆண்டுகள் கழிந்துவிடுகின்றன.

பெயரும் வரலாறும்

இந்நோய் நவீன விளம்பர யுகத்தின் படைப்பு எனச் சிலர் கருதுகின்றனர். வரலாறு அதனை உறுதிப்படுத்தவில்லை. 1891ஆம் ஆண்டில் என்ரிகோ மொர்செல்லி என்னும் இத்தாலிய உளமருத்துவர் இதனை 'டிஸ்மோர்போபோபியா' எனப் பெயரிட்டு விவரித்தார். உருவக்கேடு பற்றிய அச்சம் என்பது அக்கிரேக்கச் சொல்லின் பொருள். பிரான்சிய உளவியலறிஞர் பியர் ஜனே 1903இல் இதனை உடலைக் குறித்த வெட்கம் ஓயாத எண்ணமாக உருக்கொள்ளும் நிலை என்று நோக்கினார். நிழற்படக் கருவி பொதுமக்களின் கைக்கு வரத் தொடங்கிய காலம் அது. திரைப்படமும் தொலைக்காட்சியும் மக்களின் அழகுணர்வை ஆளத் தொடங்கியிருக்கவில்லை.

வரலாற்றிற் பதிவான நோயாளர்களுள் மிகவும் அறியப்பட்டவர் செர்கேய் பன்கெயெவ் என்னும் ரஷ்யச் செல்வந்தராவார். சிக்மண்ட் பிராய்ட் அவரை 1910 முதல் 1914 வரை வியன்னாவிற் சிகிச்சைக்கு உட்படுத்தி, 'ஓநாய் மனிதர்' என்னும் புனைபெயரில் அவரது வரலாற்றை எழுதினார். ரஷ்யப் புரட்சியில் தம் செல்வம் அனைத்தையும் இழந்த பன்கெயெவ், பின்னர் வியன்னாவில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் எழுதுவினைஞராகப் பணியாற்றினார். 1926ஆம் ஆண்டில், தம் மூக்கில் தோல் மருத்துவம் ஒன்று மேற்கொள்ளப்பட்டதன் விளைவாக நிரந்தர வடு ஏற்பட்டுவிட்டது என்னும் எண்ணம் அவரை முற்றாக ஆட்கொண்டது. பிறர் பார்வைக்கு அங்கு எதுவும் தென்படவில்லை. அவரோ சட்டைப்பையில் ஒரு சிறு கண்ணாடியை வைத்துக்கொண்டு சில நிமிடங்களுக்கு ஒருமுறை எடுத்துப் பார்த்தார். தெருவிற் செல்கையில் கடைகளின் கண்ணாடிகள் ஒவ்வொன்றிலும் தம் முகத்தைத் தேடினார். மூக்குக்கு மாப்பூசி மறைத்தார். அதனைத் துடைத்து மீண்டும் பார்த்தார். தோல் மருத்துவர்களை மாறி மாறி நாடினார். பிராய்டின் வேண்டுகோளின்படி ரூத் மாக் பிரன்ஸ்விக் என்னும் மருத்துவர் அவருக்குச் சிகிச்சை அளித்து, 1928இல் அதனை ஒரு கட்டுரையாக வெளியிட்டார். அக்காலத்து உளப்பகுப்பாய்வாளர் தந்த விளக்கங்களை இன்றைய மருத்துவம் பெரிதும் ஏற்பதில்லை. ஆயினும் அக்கட்டுரை விவரிக்கும் நடத்தைகளை இன்றைய நோயாளரிடமும் அப்படியே காணலாம். பைக்கண்ணாடியின் இடத்தைக் கைத்தொலைபேசியின் கமரா எடுத்துக்கொண்டது என்பதே வேறுபாடு.

அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் நோய்வகைப்பாட்டில் இது 1980இல் முதன்முதலாகச் சுட்டப்பட்டது. 1987இல் இன்றைய ஆங்கிலப் பெயரைப் பெற்றது. 2013ஆம் ஆண்டின் பதிப்பில் இந்நோய் எண்ணச் சுழற்சி நோயின் குடும்பத்திற் சேர்க்கப்பட்டது. 2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாடும் அவ்வாறே கொள்கின்றது. இவ்விடமாற்றம் நோயின் உண்மையான இயல்பை நமக்குக் காட்டித் தருகின்றது. தோற்றக்குறை மயக்கம் அழகின் மீதான ஆசையைச் சேர்ந்ததன்று. கையைக் கழுவிய பின்னும் மீண்டும் மீண்டும் கழுவத் தூண்டும் நோயின் உடன்பிறப்பு.

கண்ணாடி ஏன் உதவுவதில்லை?

இந்நோயாளரின் கண்ணிற் பழுதில்லை. கண் தரும் செய்தியை மூளை தொகுக்கும் முறையிலேயே வேறுபாடு காணப்படுகின்றது. நாம் ஒரு முகத்தைக் காணும்போது அதனை ஒரு முழுமையாகவே உணர்கின்றோம். கண், மூக்கு, உதடு என்று தனித்தனியே கூட்டிப் பார்ப்பதில்லை. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லொஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில் ஜேமி பொய்ஸ்னரும் அவருடன் பணியாற்றியோரும் மேற்கொண்டு 2007இல் வெளியிட்ட மூளைப்பட ஆய்வொன்று இவ்விடயத்திற் குறிப்பிடத்தக்கது. முகங்களைக் காட்டியபோது, நுண்விவரங்களை ஆராயும் மூளைச் செயற்பாடே இந்நோயாளரிடம் மேலோங்கி நின்றது. நுண்விவரங்கள் நீக்கப்பட்ட மங்கலான படங்களைக் காட்டியபோதும் அவ்வாறே நிகழ்ந்தது. அவர்களுக்குக் காட்டப்பட்டவை அவர்களது முகங்களும் அல்ல, பிறரின் முகங்கள். சுருங்கக் கூறின், மரங்களை ஒவ்வொன்றாக எண்ணுபவருக்குத் தோப்புக் கண்ணிற் படுவதில்லை.

இதனால் விளையும் சுழற்சியைப் புரிந்துகொள்வது அவசியமாகும். ஐயம் எழுகின்றது, ஐயத்தைத் தீர்க்க அவர் கண்ணாடியை நெருங்குகின்றார், ஓர் அங்குல இடத்தை நெடுநேரம் உற்று நோக்குகின்றார். எவர் முகத்தையும் அவ்வளவு நெருங்கி, அவ்வளவு நேரம் பார்த்தால் அதில் ஏதேனும் ஒன்று தென்படவே செய்யும். குறை பெரிதாகின்றது, வேதனை மிகுகின்றது, அதனைத் தணிக்க மீண்டும் கண்ணாடியிடமே செல்கின்றார். வீட்டாரின் ஆறுதலும் இவ்வாறே செயற்படுகின்றது. "ஒன்றுமில்லை" என்னும் சொல் சில நிமிடங்கள் அமைதி தரும். பின்னர், "என்மீது கொண்ட இரக்கத்தால் அப்படிச் சொல்கின்றார்கள்" என்ற எண்ணம் தோன்றி, அதே வினா மீண்டும் எழும்.

அழகியல் அறுவைச் சிகிச்சையின் நிலையும் இதுவே. அதன் மார்க்கச் சட்ட நிலை தனியே ஆராயப்பட வேண்டிய விடயம். இங்கு மருத்துவ அனுபவத்தை மட்டும் நோக்குவோம். அச்சிகிச்சையை நாடி வருவோரிடையே இந்நோயாளரின் விகிதம் பொதுமக்களிடையே காணப்படுவதைவிட அதிகமாகும். அவர்களுட் பெரும்பாலோருக்கு அறுவை நிம்மதி தருவதில்லை. கவலை வேறோர் உறுப்புக்கு மாறுகின்றது. அல்லது அறுவையே புதிய குறையை உண்டாக்கிவிட்டது என்ற எண்ணம் தோன்றுகின்றது. மூக்கைத் திருத்தலாம், மூக்கைப் பற்றிய எண்ணத்தைக் கத்தி சென்றடைவதில்லை.

சூழலின் பங்கு

மரபுவழியான உடற்கூற்றுத் தன்மை இந்நோயின் தோற்றத்திற் பங்கு கொள்கின்றது. அதனோடு சிறுபராயத்தில் அனுபவித்த கேலி, புறக்கணிப்பு முதலியனவும் சேர்கின்றன. சூழல் மட்டும் இதனை உண்டாக்குவதில்லை. ஆயினும் உள்ளே இருக்கும் விதைக்கு நீர் வார்ப்பது பெரும்பாலும் சூழலே.

இவ்விடத்தில் நமது சமூகமும் தன்னைத் தானே நோக்கிக்கொள்ள வேண்டியுள்ளது. பிள்ளை பிறந்தவுடன் நாம் கேட்கும் வினாக்களில் ஒன்று அதன் நிறம் பற்றியது. கறுப்பி, சொட்டையன், பல்லன் என்று சிறுவர்களுக்குப் பட்டப்பெயர் சூட்டி, அதனைப் பாசம் என்று கருதுகின்றோம். மணமகள் தேடுவோர் மார்க்கப்பற்றை முதலில் எழுதி, நிறத்தை அடுத்து எழுதுகின்றனர். பட்டப்பெயர் சூட்டி அழைப்பதைத் தடுக்கும் அல்குர்ஆனின் போதனையை ஸூரதுல் ஹுஜுராத் விரிவுரைகளிற் கேட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து அதே பட்டப்பெயரால் பிள்ளையை அழைக்கும் முரண்பாடு நம்மிடம் உண்டு. இந்தியாவில் 1975இல் விற்பனைக்கு வந்து, நாற்பத்தைந்து ஆண்டுகள் 'பெயார்' என்னும் சொல்லைத் தன் பெயரிற் சுமந்த புகழ்பெற்ற முகப்பூச்சு ஒன்று, 2020இல் அச்சொல்லைக் கைவிட்டது. வணிக நிறுவனமே வெட்கப்பட்டுக் கைவிட்ட ஓர் அளவுகோலை, திருமணப் பேச்சுகளில் நாம் இன்னும் கைவிடவில்லை.

வஸ்வாஸ் பற்றிய நம் முன்னோரின் அறிவு

தோற்றக்குறை மயக்கத்தை முஸ்லிம் அறிஞர்கள் தனியொரு நோயாக விவரித்தனர் என்று கூறுவது பொருந்தாது. எனினும் அது எக்குடும்பத்தைச் சேர்ந்ததோ அக்குடும்பத்தை அவர்கள் நன்கு அறிந்திருந்தனர். பல்கு நகரை அடுத்துப் பிறந்த அபூ ஸைத் அல்பல்கி (கி.பி. 850 - 934) 'மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ்' என்னும் நூலை எழுதினார். உடலின் நலனையும் உள்ளத்தின் நலனையும் ஒரே நூலில் இரு பாகங்களாக வைத்தமை அதன் சிறப்பாகும். இரண்டாம் பாகத்தில் கோபம், அச்சம், துயரம் ஆகியவற்றோடு, உள்ளத்தில் ஓயாது எழும் வஸ்வாஸுக்கும் அவர் தனி அத்தியாயம் ஒதுக்கியுள்ளார். தனிமையைத் தவிர்த்து மக்களோடும் பணிகளோடும் ஈடுபடுவதையும், தீய எண்ணத்துக்கு எதிரான எண்ணங்களை முன்கூட்டியே ஆயத்தம் செய்துகொள்வதையும் அதற்கு மருந்தாகக் கூறுகின்றார். சூடானிய உளவியலறிஞர் மாலிக் பத்ரீ இப்பாகத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 2013இல் வெளியிட்டதன் பின்னர், உளவியல் உலகம் இந்நூலைப் பெரிதும் கவனிக்கத் தொடங்கியது.

நமது வாசகர்களுக்கு இன்னும் பழக்கமான உதாரணம் ஒன்று உண்டு. வுழூச் செய்யும்போது உறுப்பு நனைந்ததா என்று ஐயுற்று, மீண்டும் மீண்டும் கழுவி, ஜமாஅத்தைத் தவறவிடும் மனிதரை நாம் அறிவோம். அவருக்கு நமது சட்ட அறிஞர்கள் கூறிய தீர்வு யாது? இன்னும் நன்றாகக் கழுவுமாறு அவர்கள் கூறவில்லை. ஐயத்தைப் பொருட்படுத்தாது தொழுகைக்குச் செல்லுமாறே கூறினர். உறுதியானதை ஐயம் அகற்றாது என்பது சட்டக்கலையின் அடிப்படை விதிகளுள் ஒன்று. ஹன்பலி மத்ஹபின் பேரறிஞர் இப்னு குதாமா (இறப்பு கி.பி. 1223), தூய்மையிலும் நிய்யத்திலும் வஸ்வாஸுக்கு இணங்கிப்போவோரைக் கண்டித்து ஒரு தனிச் சிறுநூலே எழுதினார். கழுவக் கழுவ ஐயம் வளரும், கழுவாது விட்டால் அது தானாகத் தேயும் என்னும் உண்மை இத்தீர்வினுள் அடங்கியுள்ளது. இன்றைய உளமருத்துவம் தோற்றக்குறை மயக்கத்துக்கு அளிக்கும் சிகிச்சையும் இவ்வுண்மையின் மீதே நிற்கின்றது.

சிகிச்சை முறை

இந்நோய்க்குப் பயன்படும் சிகிச்சைகள் இரண்டு. முதலாவது, அறிகை நடத்தைச் சிகிச்சை. பெரும்பாலும் வாரம் ஒருமுறையாகச் சில மாதங்கள் இது நடைபெறும். நோயாளர் தாம் தவிர்த்து வந்த இடங்களுக்குப் படிப்படியாகச் செல்லப் பழகுகின்றார். மறைப்பதையும் பார்ப்பதையும் வினவுவதையும் சிறிது சிறிதாகக் குறைக்கின்றார். தொடக்கத்தில் பதற்றம் மிகும். அதனைத் தாங்கி நின்றால் அது தானே தணியும் என்பதை அவர் அனுபவத்தால் அறிகின்றார். கண்ணாடி பார்க்கும் முறையையும் அவர் புதிதாகக் கற்கின்றார். வழமையான தூரத்தில் நின்று, தலை முதல் கால் வரை முழு உருவத்தையும் நோக்கி, அழகு, அவலட்சணம் என்ற தீர்ப்புச் சொற்கள் எதுவுமின்றி, காண்பதை மட்டும் விவரிக்க வேண்டும். "என் தலைமுடி கறுப்பு, குட்டையாக வெட்டப்பட்டுள்ளது, என் கண்கள் பழுப்பு" என்று கூறுவது எளிதாகத் தோன்றலாம். தன்னைப் பற்றித் தீர்ப்பு வழங்கியே பழகிய ஒருவருக்கு அது கடினமான பயிற்சி.

இரண்டாவது, மருந்து. மூளையில் செரட்டோனின் என்னும் பொருளின் செயற்பாட்டை மாற்றும் மருந்துகள் இந்நோய்க்குப் பயன்படுகின்றன. அவற்றுள் ஒன்றான புளுவொக்ஸெடின், போலி மாத்திரையுடன் ஒப்பிடப்பட்டு, தெளிவாக மேலானது என 2002இல் வெளிவந்த ஆய்வொன்று காட்டியது. பயனை அறியப் பன்னிரண்டு வாரங்கள் வரை பொறுத்திருக்க வேண்டியிருக்கலாம். ஆகவே, மூன்றாம் வாரத்தில் மருந்தைக் கைவிடுவது தவறு. தம் குறை உண்மையே என்று சற்றும் ஐயமின்றி நம்புவோருக்கும் இம்மருந்துகள் பயன் தருகின்றன. இங்கிலாந்தின் தேசிய மருத்துவ வழிகாட்டி நிறுவனம் 2005இல் எண்ணச் சுழற்சி நோய்க்கும் இந்நோய்க்கும் ஒன்றாகவே வழிகாட்டலை வெளியிட்டு, இவ்விரு சிகிச்சைகளையும் பரிந்துரைத்தது. மருந்தின் அளவையும் காலத்தையும் தீர்மானிப்பது உளமருத்துவரின் பணி.

நோயாளர் பெரும்பாலும் உளமருத்துவரை நாடுவதில்லை; தோல் மருத்துவரையும் பல் மருத்துவரையும் நாடுகின்றனர். வெட்கம் காரணமாகத் தம் உண்மைக் கவலையை மறைத்து, மனச்சோர்வு என்று மட்டும் கூறுவோரும் பலர். அவர்கள் தாமாகவே கூற மாட்டார்கள் என்பதால், வினவ வேண்டிய பொறுப்பு அருகில் இருப்போரையே சாரும்.

தன்னை ஏற்றல் என்பது யாது?

தன்னை ஏற்றல் என்றதும், கண்ணாடியைப் பார்த்து "நான் அழகானவன்" என்று சொல்லிக்கொள்வதையே பலர் கருதுகின்றனர். இந்நோயாளரைப் பொறுத்தவரை அது பயனற்றது. அவரால் அதனை நம்ப இயலாது. அன்றியும், அழகு என்னும் அதே தராசில் மீண்டும் தம்மை நிறுக்கவே அது அவரைத் தூண்டுகின்றது. சிகிச்சையில் முன்னேறுவோர் வேறொன்றைக் கற்கின்றனர். தம் தோற்றம் எத்தகையது என்ற வினாவுக்கு விடை காணாமலேயே அன்றைய நாளை வாழ முடியும் என்பதை அவர்கள் கற்கின்றனர். மூக்கைப் பற்றிய எண்ணம் வரும். வந்தது என்று அறிந்துகொண்டு, கையிலுள்ள வேலையைத் தொடர்வர். எண்ணம் முற்றாக மறையாதிருக்கலாம். மன அழுத்தமுள்ள காலங்களில் அது மீண்டும் தலைதூக்கலாம். அது தோல்வியன்று. கற்ற பயிற்சியை மீண்டும் கையிலெடுக்க வேண்டிய காலம் என்பதே அதன் பொருள்.

இஸ்லாமிய நாகரிக வரலாறு ஒரு மனிதரை நமக்கு முன்வைக்கின்றது. மக்காவின் தலைசிறந்த மார்க்கத் தீர்ப்பாளராக விளங்கிய அதா இப்னு அபீ ரபாஹ் (ரஹ்) அவர்களது உருவத்தை வரலாற்றாசிரியர்கள் ஒளிவுமறைவின்றி விவரிக்கின்றனர். கறுத்த நிறம், தட்டையான மூக்கு, ஒரு கண் பார்வையின்மை, ஊனமுற்ற கை, நொண்டிய நடை ஆகியன அவரிடம் இருந்தன. முதுமையில் மற்றக் கண்ணும் ஒளியிழந்தது. ஹஜ் காலத்தில் மக்கள் தீர்ப்புக் கேட்டு அவரையே சூழ்ந்து நின்றனர். இவ்வரலாற்றை நோயுற்ற ஓர் இளைஞரிடம் கண்டனமாகக் கூறினால் அது அவருக்கு மருந்தாகாது. அவரது குற்ற உணர்வையே வளர்க்கும். இவ்வரலாறு அவரைச் சூழ்ந்து வாழும் நமக்குரியது. அதாவின் உருவத்தை மக்கா ஒரு பொருட்டாகக் கொள்ளவில்லை. அவரது அறிவை நாடி வந்தது. அத்தகைய மக்களாக நாம் இருக்கின்றோமா என்பதே இங்கு எழும் வினா.

குடும்பத்தின் பொறுப்பு

வீட்டில் ஒருவர் இந்நோயால் வருந்துவதாகத் தோன்றினால், முதலில் விவாதத்தை நிறுத்த வேண்டும். மூக்கு நேரானதா இல்லையா என்ற வாதத்தில் எவரும் வெல்வதில்லை. "உனது மூக்கில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனால் நீ படும் வேதனை எனக்குத் தெரிகின்றது. அதற்கு வைத்தியம் உண்டு, நானும் உன்னோடு வருகின்றேன்" என்று கூறலாம். ஆறுதல் கேட்டு வரும் வினாக்களுக்கு மீண்டும் மீண்டும் விடை கூறுவதை, மருத்துவரின் வழிகாட்டலுடன் அன்பாகக் குறைத்துக்கொள்ளலாம். தொழுகையும் துஆவும் மனத்துக்கு வலுவூட்டுவன. அவற்றை மருத்துவத்துக்கு மாற்றாகவோ, நோய்க்குரிய தண்டனையாகவோ முன்வைக்கலாகாது. ஈமானிற் குறை கூறுவது, ஏற்கெனவே தன்னை வெறுக்கும் ஒருவருக்கு வெறுக்க இன்னுமொரு காரணத்தைத் தருவதாகும்.

ஒரு விடயத்தை மறைக்காது கூற வேண்டியுள்ளது. தற்கொலை எண்ணம் இந்நோயாளரிடையே மிகப் பரவலானது. கணிசமானோர் அதற்கு முயன்றும் உள்ளனர். வாழ்வதில் விருப்பமில்லை என்ற பேச்சு, திடீரென்று முற்றாக ஒதுங்குதல் ஆகியவற்றைக் கண்டால் நேரடியாகவும் மென்மையாகவும் வினவ வேண்டும். வினவுவது அவ்வெண்ணத்தைத் தூண்டிவிடும் என்ற அச்சம் ஆதாரமற்றது. அந்நிலையில் அவரைத் தனியே விடாது, தாமதமின்றி மருத்துவ உதவியை நாட வேண்டும். இலங்கையில் தேசிய உளநல உதவிச் சேவையை 1926 என்னும் இலக்கத்திலும், இந்தியாவில் 2022 ஒக்டோபரில் தொடங்கப்பட்ட டெலி-மானஸ் சேவையை 14416 என்னும் இலக்கத்திலும் அழைக்கலாம்.

தொடக்கத்திற் கூறிய இளைஞரிடம் மீண்டும் வருவோம். சிகிச்சையின் முடிவில் அவர் தம் மூக்கை அழகானது என்று நம்பத் தொடங்குவார் என எதிர்பார்க்க வேண்டியதில்லை. ஒரு வெள்ளிக்கிழமை அவர் குறித்த நேரத்துக்கு முன்னரே பள்ளிக்குச் சென்று, முன் வரிசையில் இடம் கிடைத்தால் அங்கேயே அமர்ந்து, தொழுகை முடிந்ததும் பக்கத்தில் இருப்பவரின் முகத்தைப் பார்த்து ஸலாம் கூறி, அவரது குடும்ப நலனை விசாரித்துவிட்டு வீடு திரும்பினால் அதுவே போதும். தம் முகத்தைப் பற்றி அன்று அவர் என்ன எண்ணினார் என்று வீட்டார் எவரும் கேட்க வேண்டியதில்லை.